புதிதாக டிபி இணைப்பாளர் ஆகிறீர்களா? ஆண்டுத் தொடக்கத்தில் செய்ய வேண்டியவை

யாழ்ப்பாணத்தில் ‘இன்ரநாஷனல் ஸ்கூல்’ என்றால் பெரும்பாலும் லண்டன் ஓஎல், லண்டன் ஏஎல் என்றுதான் ஆட்கள் விளங்கிக்கொள்வார்கள். ஐபி டிப்ளோமா (இன்ரநாஷனல் பக்கலோரியட் நடத்தும் இரண்டு ஆண்டுப் பாடநெறி, சுருக்கமாக டிபி) இங்கே பலருக்கு இன்னும் புதிது. அதற்கு இணைப்பாளராக வருகிறவரும் அநேகமாக உயர்தரம் படிப்பித்தவராகவோ லண்டன் பரீட்சைகளை நடத்திப் பழகியவராகவோ இருப்பார். அந்த அனுபவம் வீண்போகாது. ஆனால் ஒரு விஷயத்தில் அது ஆளை ஏமாற்றிவிடும். உயர்தரத்தில் கடைசி மூன்று மாதம் மூச்சைப் பிடித்துப் படித்தே கரையேறிய பிள்ளைகள் உண்டு. டிபியில் பரீட்சை மண்டபத்துக்குள் போக முன்பே மாணவரின் புள்ளியில் கணிசமான பங்கு முடிவாகிவிடும். அந்தப் பங்கு ஒழுங்காகச் சேர்வதற்கு வேண்டிய ஏற்பாடெல்லாம் ஆண்டின் முதல் ஆறேழு கிழமைகளில் நடக்க வேண்டியவை.

இங்கே சொல்வது ஓகஸ்ட் கடைசியில் அல்லது செப்டெம்பரில் ஆண்டு தொடங்கி, மே மாதப் பரீட்சைக்குப் போகும் பள்ளிக்கு. நவம்பர் பரீட்சைக்குப் போகிறவர்கள் திகதிகளை ஆறு மாதம் தள்ளி வாசித்துக்கொள்ளலாம்.

இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளை முதலில் பாருங்கள்

ஆண்டு தொடங்கியதும் எல்லோருடைய கவனமும் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் மேல்தான் போகும். அறிமுகக் கூட்டம், சீருடை, நேரசூசி என்று பள்ளியே அவர்களைச் சுற்றி ஓடும். அதற்குள் இழுபட்டுப் போகாதீர்கள். அவசரம் இரண்டாம் ஆண்டுக்காரருக்குத்தான். மே பரீட்சைக்கான முதல் பதிவுக் கெடு நவம்பர் 15. செப்டெம்பரில் தொடங்கினால் கையில் இருப்பது பத்துக் கிழமைதான். கெடுவைத் தாண்டினால் தாமதக் கட்டணம், பிள்ளைக்குப் பிள்ளை, பாடத்துக்குப் பாடம்.

பதிவு நடப்பது ஐபிஸ் என்று எல்லோரும் சொல்லும் ஐபியின் இணையத் தளத்தில். உள்ளே நுழைந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் பாடம், எச்எல்லா (உயர் மட்டம்) எஸ்எல்லா (சாதாரண மட்டம்), எந்த மொழியில் விடை எழுதப்போகிறார், நீள்கட்டுரை (பிள்ளை தானே ஆராய்ந்து எழுதுவது) எந்தப் பாடத்தில் என்று நிரப்ப வேண்டும். நிரப்புவது ஒரு பின்னேர வேலை. சரிபார்ப்பதுதான் நாள் எடுக்கும். போன வருடம் வேதியியல் எச்எல் என்று தொடங்கிய பிள்ளை மாசியில் எஸ்எல்லுக்கு இறங்கியிருக்கும், வகுப்பு ஆசிரியருக்கு மட்டும் அது தெரிந்திருக்கும். ஆகவே ஒரு பிள்ளைக்கு ஒரு தாள் அச்சிட்டு, பிள்ளை, பெற்றோர், பாட ஆசிரியர்கள் எல்லோரிடமும் கையொப்பம் வாங்குங்கள். வட்ஸ்அப்பில் வருகிற ‘ஓகே மிஸ்’ கையொப்பம் ஆகாது.

பெயரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம்முடைய பெயர்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் என்ற இரண்டு கட்டங்களுக்குள் லேசில் அடங்காது. சிவராசா கவின் என்ற பிள்ளையை எடுத்துக்கொள்வோம். சிவராசா தகப்பன் பெயர், கவின்தான் பிள்ளை. பள்ளி இடாப்பில் எஸ். கவின் என்று இருக்கும். கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் கட்டத்தில் சிவராசா இருக்கும், சில வேளை இரண்டு பெயரும் ஒரே கட்டத்தில் சேர்ந்து கிடக்கும். பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பில் ஓர் எழுத்துக் கூடியோ குறைந்தோ வரும். பதிவில் நீங்கள் எதை அடிக்கிறீர்களோ அதுதான் டிப்ளோமாவில் வரும். பிறகு வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் விசா அலுவலகமும் கடவுச்சீட்டோடுதான் அதை ஒப்பிடும். கடவுச்சீட்டுப் பிரதி கையில் இல்லாமல் பெயரை அடிக்காதீர்கள். கடவுச்சீட்டு இல்லாத பிள்ளை இருந்தால் செப்டெம்பரிலேயே பெற்றோரிடம் சொல்லுங்கள், எடுத்துவர நாள் போகும்.

பார்வைக் குறைபாடு, வாசிப்புச் சிரமம், நீரிழிவு போன்ற காரணங்களால் மேலதிக நேரமோ வேறு வசதியோ தேவைப்படும் பிள்ளைகளுக்கும் மே பரீட்சைக்கான விண்ணப்பக் கெடு நவம்பர் 15தான். இதற்கு மருத்துவ அல்லது உளவியல் அறிக்கை வேண்டும். நமது ஊரில் பெற்றோர் இந்தப் பேச்சை எடுக்கவே தயங்குவார்கள்: ‘பிள்ளைக்கு ஒண்டுமில்லை, கொஞ்சம் மெதுவா எழுதுவான்’. நீங்கள்தான் ஆசிரியர்களிடம் கேட்டு, சந்தேகமுள்ள பிள்ளைகளின் பெற்றோரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும். உரிய நிபுணரிடம் நேரம் எடுத்து, கொழும்புக்குப் போய் வரவேண்டி நேர்ந்தால் ஒரு மாதம் சும்மா பறந்துவிடும்.

இன்னொன்று, நவம்பர் நடுப்பகுதி இங்கே மாரி. மழைக்குக் கரண்ட் போகும், இணையம் படுக்கும். உங்கள் கெடுவை ஒக்டோபர் 31 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாட்காட்டியைப் பின்னாலிருந்து எழுதுங்கள்

பெரும்பாலான பள்ளிகளில் நாட்காட்டி செப்டெம்பரில் தொடங்கி மே நோக்கி எழுதப்படுகிறது. நீங்கள் மேயில் தொடங்குங்கள். பரீட்சைகள் ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே நடுப்பகுதி தாண்டிப் போகும். அதற்கு முன் மார்ச், ஏப்ரலில் நீள்கட்டுரை, அறிவுக் கோட்பாட்டுக் (அறிவு எப்படி உருவாகிறது என்று ஆராயும் கட்டாயப் பகுதி, ஆங்கிலத்தில் ரிஓகே) கட்டுரை, பாடங்களின் உள்மதிப்பீட்டு (பள்ளி ஆசிரியரே புள்ளியிடும் வேலை) மாதிரிகள், எதிர்பார்க்கும் தரங்கள் எல்லாம் ஐபிக்குப் போய்ச் சேர வேண்டும். சரியான நாட்களை ஐபி ஆண்டுதோறும் வெளியிடும் மதிப்பீட்டு நடைமுறை ஆவணத்தில் பார்த்து எழுதுங்கள். போன வருட இணைப்பாளர் விட்டுப்போன தாளைப் பார்த்து எழுதாதீர்கள். பள்ளிக்குள் வைக்கும் கெடு அதற்கு ஆறு கிழமையாவது முந்தியிருக்க வேண்டும்.

ஆறு பாடத்துக்கும் உள்மதிப்பீடு உண்டு. ஒவ்வொரு ஆசிரியரும் தன் பாடத்துக்கு டிசம்பர் விடுமுறைதான் வசதி என்பார். எல்லோருக்கும் ஓமென்றால் பிள்ளை டிசம்பரில் ஆறு ஆய்வும் ஒரு நீள்கட்டுரையும் எழுதிக்கொண்டிருக்கும். முதல் கூட்டத்திலேயே பெரிய தாளொன்றைச் சுவரில் ஒட்டி, கிழமைக்கு ஒரு கட்டம் போட்டு, ஒரு கட்டத்துக்குள் ஒரு கெடு என்று சொல்லிவிடுங்கள். முதலில் எழுதியவருக்கு அந்தக் கட்டம். சண்டை வரும், வரட்டும். அது பெப்ரவரியில் வருவதைவிடச் செப்டெம்பரில் வருவது நல்லது. என் கணிப்பில் நீள்கட்டுரை நவம்பருக்குள் முடிந்துவிட வேண்டும், விஞ்ஞான ஆய்வுகள் டிசம்பரில், அறிவுக் கோட்பாட்டுக் கட்டுரை ஜனவரியில், கணிதம் அதற்குப் பிறகு.

ஊர் நாட்களையும் அதே தாளில் குறியுங்கள். நல்லூர்த் திருவிழா 25 நாள். அது பெரும்பாலும் ஆண்டுத் தொடக்கத்தோடு முட்டும். தேர், தீர்த்தம் நாட்களில் பெற்றோர் கூட்டம் வைத்தால் வெறும் கதிரைகளோடுதான் பேச வேண்டியிருக்கும். மாதம் ஒரு போயா விடுமுறை, தீபாவளி, பொங்கல், சிவராத்திரி. எல்லாவற்றையும்விட முக்கியம் வெசாக். அது மேயில் வரும்போது ஐபி பரீட்சை அட்டவணை அதற்காக நகராது. நாடே விடுமுறையில் இருக்கிற நாளில் நீங்கள் மண்டபம் திறந்து, மேற்பார்வையாளரை வரவழைத்து, பிள்ளைகளுக்குப் போக்குவரத்துக்கும் வழி பார்க்க வேண்டும். இதை இப்போதே அதிபருக்கு எழுத்தில் கொடுங்கள்.

நேரசூசியையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். எச்எல் பாடத்துக்கு 240 மணி, எஸ்எல்லுக்கு 150, அறிவுக் கோட்பாட்டுக்கு 100 என்பது ஐபி சொல்லும் அளவு. விடுமுறை, முன்னோடிப் பரீட்சை எல்லாம் கழித்தால் இரண்டு ஆண்டிலும் சேர்த்து 56 கிழமை கிடைக்கிறது என்று வையுங்கள். எச்எல்லுக்குக் கிழமைக்கு நாலேகால் மணிக்கு மேல் வரும். 40 நிமிடப் பாடவேளை என்றால் ஆறரைப் பாடவேளை. எஸ்எல்லுக்கு நாலு. உயர்தர நேரசூசியை அப்படியே எடுத்துப் பெயரை மாற்றி ஒட்டினால் இந்தக் கணக்கு வராது.

முதலாம் ஆண்டு: பாடத் தெரிவு

இங்கேதான் ஊர் வழக்கமும் டிபியும் நேருக்கு நேர் மோதும். உயர்தரத்தில் ‘பயோ’ என்றால் உயிரியல், வேதியியல், பௌதிகம். டிபியில் ஆறு பாடம் எடுக்க வேண்டும்: முதல் மொழி, இரண்டாம் மொழி, சமூகப் பாடம், விஞ்ஞானம், கணிதம், ஆறாவதாகக் கலை. கலைக்குப் பதிலாக மற்றக் குழுக்களிலிருந்து இன்னொரு பாடம் எடுக்கலாம். ஆகவே இரண்டு விஞ்ஞானம் தாராளமாக வரும். மூன்றாவதை நுழைக்க வேண்டுமென்றால் சமூகப் பாடம் போன்ற ஒன்று வெளியே போக வேண்டும், அதற்கு ஐபியின் விசேட அனுமதி வேண்டும். பிள்ளை போக நினைக்கும் பல்கலைக்கழகம் அதைக் கேட்கிறது என்பதற்குச் சான்றும் காட்ட வேண்டும். ‘டொக்டராக்க வேண்டும், மூன்றும் போடுங்கோ’ என்று வரும் பெற்றோரிடம் உயிரியலும் வேதியியலும் எச்எல்லில் எடுப்பதையே முதலில் பேசுங்கள்.

கணிதத்திலும் அப்படித்தான். இரண்டு பாடங்கள் உண்டு, ஒன்று பகுப்பாய்வு சார்ந்தது, மற்றது பிரயோகம் சார்ந்தது. இரண்டிலும் எச்எல், எஸ்எல் உண்டு. பொறியியல் என்று பேசும் பிள்ளைக்குப் பல பல்கலைக்கழகங்கள் பகுப்பாய்வு எச்எல்லைத்தான் கேட்கும். சாதாரண தரத்தில் கணிதத்துக்கு ‘ஏ’ எடுத்தவர் என்பதற்காக எல்லோரையும் அதில் போட்டால் ஜனவரியில் பாதிப் பேர் இறங்க நிற்பார்கள்.

தமிழைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். எந்த மொழி எந்த வடிவில், எந்தப் பரீட்சைப் பருவத்தில் கிடைக்கிறது என்பதை ஐபியின் அந்த ஆண்டுப் பட்டியலில் பார்த்த பிறகே வாக்குக் கொடுங்கள். பட்டியலில் இல்லாத முதல் மொழிக்கு விசேட விண்ணப்பம் போடலாம், ஆனால் அது பரீட்சைக்கு வெகு காலம் முன்பே போக வேண்டும். அதாவது பிள்ளை சேர்ந்த முதல் தவணையிலேயே. அந்த மொழியைப் படிப்பிக்கப் பள்ளியில் ஆள் இல்லாவிட்டால், பள்ளியின் துணையோடு பிள்ளை தானே இலக்கியம் படித்து எஸ்எல் எழுதும் வழியும் உண்டு. இரண்டு மொழிகளை முதல் மொழி மட்டத்தில் எடுத்து இரண்டிலும் ஏழுக்கு 3க்குக் குறையாமல் பெற்றால் இருமொழி டிப்ளோமா.

பாடம் மாற்றுவதற்கு நாலு கிழமை கொடுங்கள். அதற்குப் பிறகு மாற்றம் என்றால் அதிபரின் கையொப்பம் வேண்டும் என்று வைத்துவிடுங்கள்.

நீள்கட்டுரை, அறிவுக் கோட்பாடு, காஸ்

டிப்ளோமாவின் உச்சப் புள்ளி 45. பாடத்துக்கு ஏழாக ஆறு பாடத்துக்கும் 42, மிச்சம் மூன்று நீள்கட்டுரைக்கும் அறிவுக் கோட்பாட்டுக்கும் சேர்த்து. மூன்றுதானே என்று விட முடியாது. இவற்றில் ஒன்றில் ஆகக் குறைந்த ‘இ’ தரம் வந்தாலும், கீழே சொல்லும் காஸ் முடிக்காவிட்டாலும், 40 புள்ளி எடுத்த பிள்ளைக்கும் டிப்ளோமா இல்லை.

நீள்கட்டுரை 4000 சொல்லுக்கு மேற்படாது. 2027 பரீட்சையிலிருந்து புதிய வழிகாட்டி வந்திருக்கிறது, சிந்தனைக் குறிப்பு (எழுதிய அனுபவத்தைப் பற்றிப் பிள்ளை சொல்வது) 500 சொல்லில் ஒரே கூற்றாக எழுதப்படும். பழைய படிவத்தை யாராவது கொடுத்துவிடாமல் பாருங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளிக்குள்ளே ஓர் ஆசிரியரை மேற்பார்வைக்கு ஒதுக்க வேண்டும், அவர் செலவிடுவது மூன்று முதல் ஐந்து மணி. உறவினர் மேற்பார்க்கக் கூடாது. சின்ன ஊர் என்பதால் யார் யாருக்குச் சித்தப்பா, யார் யாருக்கு மாமி என்று வெளிப்படையாகவே கேட்டுவிடுங்கள்.

தலைப்பில் பிள்ளைகள் எல்லாவற்றையும் அளக்கப் பார்ப்பார்கள். ‘யாழ்ப்பாணக் கிணறுகளில் நைத்திரேற்று’ என்று ஒருவர் வருவார். நல்ல விஷயம்தான். வலிகாமத்தில் சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறும் தண்ணீரில் தோட்டத்து உரம் இறங்குவது பல காலமாக ஆராயப்படுகிறது. ஆனால் அது 4000 சொல்லுக்குள் அடங்காது. ஒரே தோட்டத்தின் கிணறு, வெங்காயத்துக்கு உரம் போட முன்னும் பின்னும், பள்ளி ஆய்வுகூடத்தில் அளக்கக்கூடிய ஒரு முறை என்று சுருங்கினால் கட்டுரை பிறக்கும். வரலாற்றில் எழுதுகிறவருக்கு இன்னொரு விதி: கடந்த பத்து ஆண்டுக்குள் நடந்தது ஏற்கப்படாது. 1981இல் யாழ் நூலகம் எரிக்கப்பட்டது பற்றி எழுதலாம், ஆனால் ‘எந்த மூலங்கள் கைக்குக் கிடைக்கும்?’ என்ற கேள்விக்குப் பிள்ளை ஒரு பக்கப் பட்டியல் கொண்டுவந்த பிறகு தலைப்பை ஏற்றுக்கொள்ளுங்கள்.

அறிவுக் கோட்பாட்டில் கண்காட்சி முதலாம் ஆண்டிலேயே முடிய வேண்டும், 950 சொல். இரண்டாம் ஆண்டில் 1600 சொல்லில் கட்டுரை. அதற்கு ஒரு நல்ல ஆசிரியரைப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது.

காஸ் என்பது படைப்பு, உடற்செயற்பாடு, சேவை. 18 மாதம் தொடர வேண்டும். மணிக்கணக்கு இல்லை, ஏழு கற்றல் விளைவுகளுக்கும் சான்று வேண்டும். ஒரு மாதமாவது நீளும் செயற்றிட்டம் ஒன்றும் வேண்டும். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்கு ஏற்கெனவே வயலின் பழகுகிற பிள்ளை அதையே கொண்டுவந்து காட்டினால், ‘இதில் புதிதாக என்ன செய்யப்போகிறாய்?’ என்று கேளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் என்றால் சரி. திருவிழாவில் காவடி எடுப்பது வழிபாடு, அது காஸ் ஆகாது. அதே திருவிழாவில் தண்ணீர்ப் பந்தலைத் திட்டமிட்டு நடத்தி, பிளாஸ்டிக் குவளையைக் குறைக்க வழி பார்த்து, அதைப் பற்றி எழுதினால் ஆகும்.

ஆசிரியர்கள்

முதல் கூட்டத்தில் ஒவ்வொருவரையும் தன் பாட வழிகாட்டியைத் திறந்து அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். அதில் முதல் மதிப்பீட்டு ஆண்டு இருக்கும். உயிரியல், வேதியியல், பௌதிகம் மூன்றும் 2025இலிருந்து புதிய பாடத்திட்டத்தில். சுற்றாடல் பாடத்துக்கு 2026இலிருந்து எச்எல்லும் உண்டு. யாரோ எப்போதோ தரவிறக்கிய கோப்பை வைத்து ஒரு தவணை முழுக்கப் படிப்பித்துவிடுவது நடக்கிற காரியம். புதிய ஆசிரியர்களுக்கு ஐபியின் வளநிலையத்துக்குள் நுழையும் கணக்கையும் அறிமுகப் பயிற்சிப் பட்டறையையும் ஒழுங்கு செய்யுங்கள். விலகிப்போனவர்களின் கணக்குகளை ஐபிஸில் மூடுங்கள்.

பெற்றோர் கூட்டமும் ரியூசனும்

கூட்டத்தில் மூன்று விஷயத்தை மறைக்காமல் சொல்லுங்கள். இலங்கை அரச பல்கலைக்கழகங்களுக்கான வழமையான அனுமதி உயர்தர இசட் புள்ளியில்தான் நடக்கிறது, டிபி அந்தப் பாதை அல்ல. இதைச் சேர்ந்து ஒரு வருடம் கழித்து ஒரு தகப்பன் கண்டுபிடிக்கும் நிலை வரக்கூடாது. அடுத்தது, டிப்ளோமாவுக்குக் குறைந்தது 24 புள்ளியும், எச்எல் பாடங்களில் 12 புள்ளியும் வேண்டும், வேறு நிபந்தனைகளும் உண்டு.

மூன்றாவதுதான் கஷ்டமானது. நமது பிள்ளைகள் ரியூசனுக்குப் போவார்கள், அதை யாரும் நிறுத்த முடியாது. பாடம் விளங்கப் போகட்டும். ஆனால் உள்மதிப்பீட்டு ஆய்வை ரியூசன் சேரிடம் கொண்டுபோய்த் ‘திருத்தி’ வாங்கினால் அது பிள்ளையின் வேலை இல்லை. பள்ளி ஆசிரியரே ஒரு வரைவுக்குத்தான் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். பிடிபட்டால் அந்தப் பாடத்துக்குத் தரமே கிடைக்காமல் போகலாம், தரம் இல்லையென்றால் டிப்ளோமாவும் இல்லை. சட்ஜிபிரி போன்றவற்றை ஐபி தடைசெய்யவில்லை, எடுத்ததைச் சொல்லி மேற்கோள் காட்ட வேண்டும் என்கிறது. நேர்மைக் கொள்கையைத் தமிழில் ஒரு பக்கமாகச் சுருக்கிப் பெற்றோர் கையில் கொடுங்கள். இருபது பக்க ஆங்கில ஆவணத்தில் கையொப்பம் வாங்குவதால் யாருக்கும் எதுவும் விளங்கிவிடாது.

மற்றக் கொள்கைகளும் (அனுமதி, மொழி, மதிப்பீடு, உள்வாங்கல்) கைவசம் இருக்க வேண்டும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மீளாய்வு வரும்போது கேட்பார்கள். இந்த மாதம் திகதியை மட்டும் பாருங்கள், திருத்துவதற்கு ஜனவரி போதும்.

கடைசியாகச் சில

வினாத்தாள்கள் வந்து கிடக்கப்போகும் அலுமாரியை இப்போதே போய்ப் பாருங்கள். பூட்டு, சாவி யார் யாரிடம், அறைக்குள் மாணவர் வரும் வழி உண்டா? சாவிகள் எத்தனை என்று யாருக்கும் தெரியாவிட்டால் பூட்டை மாற்றுங்கள். ஐபி ஆட்கள் சொல்லாமலே பார்க்க வரலாம். மே மாத வெக்கையில் கரண்ட் போனால் மண்டபத்து மின்விசிறிகளுக்கு ஜெனரேற்றர் தாங்குமா என்றும் மின்வேலைக்காரரைக் கேளுங்கள்.

ஐபி அனுப்பும் பில் வெளிநாட்டு நாணயத்தில் வரும். வங்கி நடைமுறைக்கு நாள் எடுக்கும் என்று கணக்காளருக்கு முன்கூட்டிச் சொல்லிவையுங்கள்.

ஐபிஸில் உங்களைத் தவிர இன்னொருவருக்கும் கணக்குத் திறந்து, பதிவு செய்யும் முறையைப் பக்கத்தில் இருத்திக் காட்டிக்கொடுங்கள். உங்கள் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டாம், அவருக்கென்று தனியாக இருக்கட்டும். பெறுபேறு ஜூலை முதல் கிழமையில் வரும், அந்தக் கிழமையில் நீங்கள் இருவரும் ஒன்றாக லீவு போடாதபடி இப்போதே எழுதிவையுங்கள்.